முனியாயிக்கு ஊற்றிய தண்ணீர்

பசுமலை
24 ஜூன் 1934

அன்புள்ள ஞானத்துக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். செக்கானூரணியில் போடி ரயில் ஏறி, மதுரையில் இறங்கி, ஜட்கா வண்டி வைக்காமல் நடந்தே வந்தேன். பெட்டியும் படுக்கையும் தலையில் இருந்ததால் வேதசாஸ்திரக் கல்லூரி வாசலில் நின்ற ஒருவர், "எந்த மாணவருக்குச் சாமான் கொண்டுவந்தே?" என்று கேட்டார். நான்தான் மாணவன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அதனாலேயே அவரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

கூடப் படிக்கிறவர்களில் மூத்தவன், நான் உபதேசியார் வேலைக்கு வந்த வருஷம் பிறந்தவன். சபைச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற ஐயாவுக்கு நம் கிருபையின் மாப்பிள்ளை வயதுதான் இருக்கும். திண்டுக்கல்லுக்கு நீ எதுவும் எழுத வேண்டாம். மகளுக்கும் மருமகனுக்கும் நானே சமயம் பார்த்து எழுதுகிறேன்.

நான் புறப்பட்ட அன்று நீ அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "பேரன் எடுக்குற வயசுல பெஞ்சுல போயி உக்காரணுமாக்கும்" என்று சொன்னதோடு சரி. அன்று வாயால் சொல்ல முடியாததை இப்போது எழுதுகிறேன். இருபத்தாறு வருஷமாக வடக்கூரணியில் உபதேசியாராக இருக்கிறேன். பிரசங்கம் செய்யலாம், அடக்கத்துக்கு நிற்கலாம். ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது, திருவிருந்து கொடுக்கக் கூடாது. அதற்குக் குருப்பட்டம் பெற்ற போதகர் டவுனிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வர வேண்டும். வருஷத்துக்கு நாலு தரம் வந்தால் அதிகம். உழுது விதைத்துக் களை எடுக்கிறவன் நான், கதிர் அறுக்க வேறொருவர். இதில் எனக்குப் பொறாமை இல்லை என்று பல வருஷம் சொல்லிக்கொண்டேன். பொறாமைதான்.

ஆனால் அது மட்டும் இல்லை. போன தையில் சோணை சாகக் கிடந்தபோது திருவிருந்து கேட்டான். அப்பமும் திராட்சரசமும் என் பெட்டியில் இருந்தன. கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. போதகர் வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஐம்பத்து மூன்று வயதானால் என்ன, பட்டம் பெற்றே தீருவது என்று அன்றுதான் முடிவு செய்தேன். ஆண்டவரிடம் சொன்னேன். உன்னிடம் சொன்னது அதற்கு நாலு மாதம் கழித்து. உன் கோபம் அதுதான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

நீ பள்ளிக்கூடத்தை மட்டும் பார்த்துக்கொள். ஞாயிறு ஆராதனைக்குப் பக்கத்து ஊர் உபதேசியார் வருவார். அதில் நீ தலையிட வேண்டாம்.

இப்படிக்கு,
தேவப்பிச்சை


வடக்கூரணி
15 ஜூலை 1934

கிருபை அப்பா அவர்களுக்கு ஞானாபரணம் எழுதுவது.

நான் சுகம். ஆடு சுகம். நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

பக்கத்து ஊர் உபதேசியார் முதல் ஞாயிறு வந்தார், கோழிக்குழம்பு சாப்பிட்டார், போனார். அடுத்த ஞாயிறு ஆளைக் காணோம். அதற்கடுத்த ஞாயிறு மூட்டுவலி என்று சொல்லி அனுப்பினார். ஜனங்கள் வந்து பாய் விரித்து உட்கார்ந்துவிட்டார்கள். அவருக்கு மூட்டுவலி, எல்லாரும் எழுந்து வீட்டுக்குப் போங்கள் என்று சொல்லவா? பாட்டுப் பாடினோம், ஜெபித்தோம், வேதபுத்தகத்தில் ஓர் அதிகாரம் வாசித்தேன். பிரசங்கம் செய்யவில்லை. வாசித்ததற்கு அர்த்தம் கேட்டார்கள், சொன்னேன். அதற்குப் பேர் பிரசங்கம் என்றால் அது உங்கள் பாடு.

முனியாயி பள்ளிக்கூடம் விடுகிற நேரம் பார்த்து வந்து நிற்கிறாள். ஞானஸ்நானம் கேட்ட அவளை டவுன் போதகர் ரெண்டு தரம் திருப்பி அனுப்பியதை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அதற்கு மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய விசுவாசப்பிரமாணத்தை ஒரு மூச்சில் சொல்லிக்கொண்டே வருகிறவள், பிலாத்துவின் பேர் வந்ததும் வாயை மூடிக்கொள்கிறாளே! "சாமியக் கொல்லச் சொன்ன பய பேரு என் வாயில எதுக்கு வரணும்?" என்று போதகரிடமே கேட்டாள். அவர், இன்னும் படித்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு வண்டி ஏறிவிட்டார். இப்போது என்னிடம் சொல்கிறாள்: "அய்யா பட்டம் வாங்கி வரட்டும் டீச்சரம்மா. அவுக கையாலயே வாங்கிக்கிறேன். அவுகளுக்கு என்னையத் தெரியும்."

அவள் புருஷன் நல்லகாமன் வழக்கம்போலக் கேலி. "அவரு பட்டம் வாங்கி வாரதுக்குள்ள எம் பொண்டாட்டிக்குப் பல்லெல்லாம் கொட்டிப் போகும். பெறகு எவன் பேரும் வாயில வராது" என்கிறான். நம் கோவில் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்காத மனுஷன்.

அவளுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. நீங்கள் ரெண்டு பேரும் இந்த வயதில் ஆளுக்கொரு ஆசையைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஊருக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என் கோபத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஆண்டவரிடம் முதலில் சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. அவருக்கு அடுத்தபடியாவது என்னிடம் சொல்லியிருக்கலாம். பக்கத்து ஊர் உபதேசியாருக்கு என்னை விட முந்தித் தெரிந்திருக்கிறது. கோழிக்குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

ஞானாபரணம்


பசுமலை
26 ஆகஸ்டு 1934

அன்புள்ள ஞானத்துக்கு,

கடிதம் கண்டேன். ஆராதனை நடத்தாதே என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வேறு யார் நடத்துவார் என்று நீ கேட்பாய். ஆகையால் அதை விட்டுவிடுகிறேன்.

முதல் பரீட்சை முடிந்தது. வகுப்பில் நான்தான் கடைசி. பிரசங்கப் பயிற்சியில் என்னைப் பேசவிட்டுக் கேட்டார்கள். விஷயம் இருக்கிறதாம், குரல்தான் மாட்டை அதட்டுகிற குரலாக இருக்கிறதாம். வேப்பமரத்தடியில் பேசினால் களத்துமேட்டில் கேட்க வேண்டுமே, அப்படிப் பழகிய குரல். இங்கே நாலு சுவருக்குள் அதைச் சுருட்டி வைக்கத் தெரியவில்லை. புத்தகத்தில் எழுத்து பொடியாக இருக்கிறது. ஒரு பக்கம் வாசிப்பதற்குள் பையன்கள் ஐந்து பக்கம் போய்விடுகிறார்கள். அவர்கள் என்னைக் கேலி செய்வதில்லை. சாப்பாட்டுக்கு எனக்கு முதலில் இடம் விடுகிறார்கள். அதுதான் சகிக்கவில்லை.

பட்டம் கொடுக்கிற சபைக் கவுன்சிலின் விதிப்படி போதகர்கள் அறுபதில் ஓய்வு பெற வேண்டும். ஏப்ரலில் தேறினால் எனக்கு ஆறு வருஷம் கிடைக்கும். ஆறு வருஷத்துக்காகவா இந்தப் பாடு என்று நேற்று திருப்பரங்குன்றம் சாலையில் நடந்துகொண்டே யோசித்தேன். திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றுகிறது. யாரிடமும் சொல்ல வேண்டாம்.

தேவப்பிச்சை


வடக்கூரணி
9 செப்டம்பர் 1934

கிருபை அப்பா அவர்களுக்கு,

திரும்பி வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

போக வேண்டாம் என்றவள் நான்தான். போன பிறகு அந்தப் பேச்சு பழைய பேச்சு. "உபதேசியாரு பெயிலாயி வந்துட்டாராம்ல" என்று நல்லகாமன் சாவடியில் உட்கார்ந்து சொல்வான், நான் தண்ணீர் எடுக்கப் போக முடியாது. அதுகூடக் கிடக்கட்டும். முனியாயியிடம் என்ன சொல்வேன்?

ஆறு வருஷம் போதாதா? அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க அரை நாழிகை போதும்.

எழுத்துப் பொடியாக இருந்தால் எழுத்தின் மேல் குறை சொல்லாதீர்கள். மதுரையில் கண்ணாடிக்கடை இல்லாமலா போயிற்று? கடைசி ஆளாகத் தேறினாலும் தேறியது தேறியதுதான்.

ஞானாபரணம்


வடக்கூரணி
2 டிசம்பர் 1934

கிருபை அப்பா அவர்களுக்கு,

இதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். படித்துவிட்டுப் பதறாதீர்கள்.

ஐப்பசியில் விடாமல் மழை. ஊரணி நிரம்பிக் கலங்கிவிட்டது. கார்த்திகை பிறந்ததும் வாந்திபேதி வந்தது. கீழத்தெருவில் ஜெயக்கொடியும் அவள் மாமியாரும் போய்விட்டார்கள். பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு வீடு வீடாக உப்புக்கஞ்சி கொண்டுபோனேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது.

போன செவ்வாய்க்கிழமை முனியாயி விழுந்தாள். புதன்கிழமை கண் உள்ளே போய்விட்டது, கை ஐஸ் மாதிரி. டவுன் போதகருக்கு ஆள் அனுப்பினேன். ஓடையில் வெள்ளம், வண்டி இறங்காது என்று ஆள் திரும்பி வந்துவிட்டான். வியாழக்கிழமை மத்தியானம் அவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அய்யா வரலயா?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். "அப்ப நீங்களே ஊத்திருங்க டீச்சரம்மா. நான் ஊத்தாமப் போயிருவேன் போலருக்கு" என்றாள்.

நான் நல்லகாமனைப் பார்த்தேன். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவன், "அவ ஆசைய முடிச்சு விடுங்கம்மா. எங்க சாமி கோவிச்சா நான் பேசிக்கிறேன்" என்றான்.

காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் செம்பில் இருந்தது. விசுவாசப்பிரமாணத்தை நான் சொன்னேன், அவள் உதட்டை அசைத்தாள். பிலாத்துவின் பேரை நான் விட்டுவிட்டேன். பிறகு, "முனியாயி, பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லி மூன்று தரம் தலையில் தண்ணீர் விட்டேன். ஞானஸ்நானத்தில் புதுப் பேர் வைக்க வேண்டும் என்பது வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது. இத்தனை வருஷம் கூப்பிட்ட பேரில்தான் வாய் போயிற்று.

அடக்கத்துக்கு என்ன பாட்டுப் பாடுவது என்று யோசித்துக்கொண்டே வெள்ளிக்கிழமை காலையில் போனேன். எழுந்து உட்கார்ந்திருந்தாள். கஞ்சியில் உப்பு இல்லை என்று நல்லகாமனை ஏசிக்கொண்டிருந்தாள்.

பிழைத்துவிட்டாள். நானே உப்பைப் போட்டுக் கலக்கிக் கொடுத்தேன். பிறகுதான், நான் ஊற்றியது செல்லுமா என்று கேட்பார்களே என்று நினைவு வந்தது.

டவுன் போதகருக்கு நடந்ததை நானே எழுதிவிட்டேன். பிறர் வாயால் அவர் கேட்க வேண்டாம். நான் பட்டம் பெறாதவள், பெண்பிள்ளை, எனக்கு அதிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அன்று வேறு என்ன செய்திருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

ஞானாபரணம்


பசுமலை
13 டிசம்பர் 1934

ஞானத்துக்கு,

உன் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன்.

போதகர் நீ எழுதியதைக் கவுன்சிலுக்கு அனுப்பிவிட்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, அவர் கடமை அது. செய்தி இங்கேயும் வந்துவிட்டது. ஏப்ரலில் கவுன்சில் என்னை வாய்மொழியாகப் பரீட்சை செய்யும்போது இதைக் கேட்காமல் விடமாட்டார்கள் என்று சொல்லுகிறார்கள். உபதேசியார் இல்லாத ஊரில் உபதேசியார் மனைவி ஞானஸ்நானம் கொடுத்தாள், அதுவும் முனியின் பேரிலேயே கொடுத்தாள் என்று பேச்சு. ஊரார் கிடா வெட்டுகிற தெய்வத்தின் பேரைச் சபைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று கேட்கிறார்கள்.

இதைச் சுலபமாகத் தீர்க்க வழி இருக்கிறது. நீ போதகருக்கு, அவசரத்தில் அறியாமல் செய்துவிட்டேன், அது ஞானஸ்நானம் ஆகாது என்று தெரிந்துகொண்டேன் என்று ரெண்டு வரி எழுது. கிறிஸ்மஸுக்கு அவர் வருவார். முனியாயி அவர் கையால் முறைப்படி பெற்றுக்கொள்ளட்டும். மரியாள் என்று பேர் வைக்கட்டும். அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. அத்தோடு விஷயம் முடிந்துவிடும்.

இத்தனை வருஷம் காத்திருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். நீ யோசிப்பாய் என்று நம்புகிறேன்.

தேவப்பிச்சை


வடக்கூரணி
6 ஜனவரி 1935

கிருபை அப்பா அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தில் கவுன்சில் இருக்கிறது, ஏப்ரல் இருக்கிறது, கிடா வெட்டுகிற தெய்வம்கூட இருக்கிறது. முனியாயி பிழைத்துக்கொண்டாள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று ஒரு வரி இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உறையைக்கூடக் கிழித்துப் பார்த்தேன். இருபத்தைந்து வருஷம் உங்களோடு குடித்தனம் செய்திருக்கிறேன், இந்த மாதிரிக் கடிதம் எழுதுகிற ஆள் இல்லையே நீங்கள்!

கிறிஸ்மஸுக்குப் போதகர் வந்தார். அவர் சொன்னதை நான் முனியாயியிடம் சொன்னேன். நான் ஒரு பக்கமும் சாயாமல்தான் சொன்னேன். அவள் அவர் எதிரிலேயே, "எம்புட்டுத் தரம்யா ஊத்துவீக? நான் என்ன நாத்தங்காலா?" என்றாள். பேரை மாற்றலாமா என்றதற்கு, "முனியாயின்னு சொல்லித்தான டீச்சரம்மா சாமிகிட்டக் கேட்டாக? அவரும் ஆள் அடையாளம் பாத்துத்தான பொழைக்க வச்சாரு? இப்பப் போயி நான் அவ இல்ல, மரியாளுன்னா, அவரு எவளையின்னு தேடுவாரு?" என்றாள். போதகர் திருவிருந்து கொடுத்தபோது அவளைத் தாண்டிப் போய்விட்டார். அவள் கையை ஏந்தியபடியே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மடக்கிக்கொண்டாள்.

அந்தக் கையைப் பார்த்த பிறகு என்னால் நீங்கள் கேட்ட ரெண்டு வரியை எழுத முடியாது. அறியாமல் செய்யவில்லை. அறிந்துதான் செய்தேன்.

உங்கள் பட்டத்துக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. கவுன்சிலில் கேட்டால், அது என் மனைவி செய்தது, நான் இங்கே படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லுங்கள். உண்மைதானே? கீழ்ப்படியாதவள் என்றுகூடச் சொல்லுங்கள். ஊருக்கே தெரிந்ததுதான். எனக்கு வருத்தம் இருக்காது. ஆனால் அது வெறும் தண்ணீர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

ஞானாபரணம்


பசுமலை
10 மார்ச்சு 1935

அன்புள்ள ஞானத்துக்கு,

ரெண்டு மாதம் எழுதவில்லை. எழுதிக் கிழித்தது உண்டு.

நீ சொன்னது சரி. பட்டம் இல்லாததால் ஒரு மனுஷன் திருவிருந்து வாங்காமல் செத்தான் என்றுதான் நான் படிக்க வந்தேன். இன்னொருத்தி பிழைத்தாள் என்று நீ எழுதியபோது, என் பட்டத்துக்கு இடைஞ்சல் வந்ததே என்றுதான் முதலில் எனக்குத் தோன்றியது. அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முனியாயியிடம் நான் ஸ்தோத்திரம் சொன்னதாகச் சொல்லு. தாமதமானதையும் சொல்லு.

சபைச் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிற ஐயாவிடம் யாருக்கோ நடந்ததுபோல் கேட்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. சாவு அருகில் இருக்கும்போது விசுவாசியாகிய எவரும் கொடுக்கலாம் என்று பழைய சபையார் பலர் சொல்லியிருக்கிறார்கள், நம்மவர்கள் அதை ஏற்றுக்கொண்டதாகவும் எழுதவில்லை, தள்ளியதாகவும் எழுதவில்லை என்றார். நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். "எனக்கு முப்பது வயதுதான் ஐயா ஆகிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எழுத்துப் பரீட்சை தேறிவிட்டேன். கடைசி ஆள் இல்லை, எனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான். ஏப்ரல் பதினோராம் தேதி கவுன்சில். என்ன சொல்வேன் என்று இன்றைக்கு எனக்குத் தெரியாது. பயமாக இருக்கிறது.

தேவப்பிச்சை


பசுமலை
14 ஏப்ரல் 1935

அன்புள்ள ஞானத்துக்கு,

கவுன்சில் நடந்தது. நடந்தபடி எழுதுகிறேன்.

வேதத்தில் கேட்டார்கள், சொன்னேன். சரித்திரத்தில் கேட்டார்கள், பாதி சொன்னேன். குரலைப் பற்றி ஒருவர் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பிறகு தலைவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, "வடக்கூரணியில் உம்முடைய மனைவி செய்தது ஞானஸ்நானமா?" என்று கேட்டார்.

நம் டவுன் போதகர் மூன்றாவது நாற்காலியில் இருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆம்" என்றேன்.

"நீர் பட்டம் பெற்று அங்கே போனால் அந்த ஸ்திரீக்கு முறைப்படி ஞானஸ்நானம் கொடுப்பீரா?"

"இல்லை. அவளுக்குத் திருவிருந்து கொடுப்பேன்."

"இப்படிச் சொல்லும்படி உம்முடைய மனைவி எழுதினாளா?"

"என்னைக் காட்டிக்கொடுத்துத் தப்பித்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதினாள். இது நான் சொல்வது."

என்னை வெளியே இருக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரம் மரத்தடியில் இருந்தேன். கூப்பிட்டுச் சொன்னார்கள்: பட்டம் ஒரு வருஷம் தள்ளிவைக்கப்படுகிறது. அதற்குள் சபை ஒழுங்கைப் பற்றி இன்னும் படிக்க வேண்டும். அடுத்த ஏப்ரலில் மறுபடியும் இதே பரீட்சை. கூடப் படித்த பையன்கள் எல்லாருக்கும் பட்டம் கிடைத்துவிட்டது, எனக்குக் கீழே இருந்தவனுக்கும். ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவன் அழுதான். எனக்கு அழுகை வரவில்லை, நன்றாகப் பசித்தது. ரெண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆறு வருஷம் ஐந்தாயிற்று. ஜூனில் வகுப்பு திறக்கும். புதுப் பையன்கள் வருவார்கள், அவர்கள் இன்னும் சின்னவர்களாக இருப்பார்கள். போவதா, இதோடு விட்டுவிட்டு உபதேசியாராகவே இருந்துவிடுவதா? இதை உன்னிடம்தான் முதலில் கேட்கிறேன். ஆண்டவரிடம் இன்னும் பேசவில்லை.

இங்கே நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போடுகிற வேலை கொடுத்திருக்கிறார்கள். மே கடைசியில் ஊருக்கு வருவேன். அதற்குள் எழுது.

தேவப்பிச்சை


வடக்கூரணி
12 மே 1935

கிருபை அப்பா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வருத்தத்தில் பாதி. மற்றப் பாதி என்னவென்று உங்களுக்கே தெரியும். கல்யாணமான நாள் முதல் உங்களுக்குப் பயந்திருக்கிறேன், உங்களோடு சண்டை போட்டிருக்கிறேன். உங்களை நினைத்து எனக்கு இம்மாதிரி நெஞ்சு நிமிர்ந்தது இதுதான் முதல் தரம்.

உடனே எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. செய்தியை முனியாயியிடம் சொன்னேன். மறுநாள் விடிந்ததும் ஆளைக் காணோம். நல்லகாமன் கிணறு கிணறாக எட்டிப் பார்த்துக்கொண்டு திரிந்தான். அவள் எங்கே போனாள் தெரியுமா? டவுனுக்கு! ரயிலுக்குப் போகாமல் நடந்தே போய்ப் போதகர் வீட்டு வாசலில் நின்றிருக்கிறாள். "இன்னொரு தரம் ஊத்துங்கய்யா. மரியாளுன்னு வேணும்னாலும் வைங்க. எங்க அய்யாவுக்குப் பட்டத்தக் குடுத்துருங்க" என்று கேட்டிருக்கிறாள்.

போதகர் அவளைக் கோவிலுக்குள் அழைத்துப்போய், சாட்சிக்கு ரெண்டு பேரை நிறுத்தி, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். ஞானஸ்நானம் பெற வருகிறவர்களிடம் வழக்கமாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டிருக்கிறார். இதற்கு முன் நீ ஞானஸ்நானம் பெற்றதுண்டா? அவள் உண்டு என்று சொல்லிவிட்டாள். அவர் மறுபடியும் மெதுவாகக் கேட்டாராம். "ஒரு தரம் ஆச்சுய்யா. ஆகலன்னு கோவிலுக்குள்ள நின்னு எப்படிச் சொல்லுவேன்? நீங்க பாட்டுக்கு ஊத்துங்க, நான் வேணாங்கல" என்றிருக்கிறாள். போதகர் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டாராம். அவளுக்கு மோர் கொடுத்து, தன் வண்டியிலேயே ஊருக்கு அனுப்பி வைத்தார்.

போன ஞாயிறு அவர் இங்கே வந்தார், சொல்லாமல் கொள்ளாமல். நானே அன்று ஆராதனை நடத்திக்கொண்டிருந்தேன், கையும் களவுமாகப் பிடிபட்டேன். என்னைப் பார்த்து, நடத்துங்கள் என்று கையைக் காட்டிவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். முடிவில் எழுந்து திருவிருந்து கொடுத்தார். முனியாயி முன்னால் வந்தபோது நின்றார். அவள் கையில் அப்பத்தை வைத்தார். அவள் உடனே சாப்பிடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் இருந்தவர்கள், "சாப்புடு, சாப்புடு" என்றார்கள்.

இதனால் உங்கள் பட்டம் விரைவாகக் கிடைக்கும் என்று நான் எழுதவில்லை. அவர் ஒருவர்தான், கவுன்சிலில் எத்தனையோ நாற்காலி. அடுத்த ஏப்ரலிலும் அதே கேள்வி வரலாம், நீங்களும் அதே பதிலைத்தான் சொல்வீர்கள். இன்னும் ஒரு வருஷம் போகலாம். ஐந்து நாலாகலாம். போக வேண்டாம் என்று என் பழைய வாய் சொல்ல வருகிறது. அதை அடக்கிக்கொண்டு எழுதுகிறேன், போங்கள்.

ஏனென்றால் நேற்று நல்லகாமன் வந்தான். கோவில் வாசற்படியில் வந்து உட்கார்ந்தான். வெகுநேரம் வெயிலைப் பற்றிப் பேசினான், மாட்டைப் பற்றிப் பேசினான். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "எனக்கும் ஊத்தணும்மா" என்றான். டவுன் போதகர் அடுத்த மாதம் வருவார், சொல்லி வைக்கட்டுமா என்றேன். தலையை ஆட்டிவிட்டான். "எம் பொண்டாட்டிக்காக அம்புட்டுப் பேருக்கு முன்னால பேசுன மனுசன் கையாலதான் வாங்குவேன். அவுக எம்புட்டு வருசம் வேணும்னாலும் படிக்கட்டும். நான் அது வரைக்கும் சாகுறதா இல்லைன்னு எழுதிப் போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

எழுதிவிட்டேன். அவனுக்கு அறுபத்தெட்டு வயது. நன்றாகப் படியுங்கள்.

ஞானாபரணம்